ஒரு பாட்டிலில் இரண்டு நத்தைகள்

என் செல்ல நைனாவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. இன்று காலை அரைக்கீரை வாங்கினேன். இளசை நத்தைகளுக்கு எடுத்துவைத்துவிட்டு முத்தலை எனக்குக் கடைந்துகொண்டேன். நீ இருந்தபோதும் நம் வீட்டில் இதே நியாயம்தானே?

உன் செருப்பை இன்னும் எடுக்கவில்லை. வியாசர்பாடி மழைக்குப் பூஞ்சை பிடித்துவிட்டது. துடைத்து அதே இடத்தில் வைத்தேன்.

"எம்பொண்ணு நத்தைக்கு டாக்டரு" என்று நீ ஊரெல்லாம் சொல்லிவைத்ததால் கீழ்வீட்டில் இன்னும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். மணலிப் பக்கம் குட்டையில் இறங்கி எனக்காக நத்தை பொறுக்கினாயே, மறுநாள் கால் முழுக்கத் தடித்து, சொறிந்து சொறிந்து பேஜாரானாயே, அது நத்தைக்குள் வளர்ந்து வெளியே வரும் புழுவின் வேலை. நம் தோலில் நுழைந்தால் அரிப்போடு விட்டுவிடும். மாட்டைத்தான் ரொம்பப் படுத்தும். சில நத்தைகளில் மட்டும் அந்தப் புழு தங்குவதில்லை. எந்த ஜீன் அதைத் தங்கவிடாமல் செய்கிறது என்று தேடுவதுதான் நைனா என் வேலை.

அதற்குத்தான் ஒரு பாட்டிலுக்கு ஒரு நத்தை. ஆணும் அதுவே, பெண்ணும் அதுவே. துணை இல்லாமலே முட்டையிடும். குஞ்சுகளில் ஒன்றை மறுபடி தனியே வளர்த்து, இப்படியே கலப்பில்லாத வம்சம் எடுக்க வேண்டும். மூன்று வருடம் எடுத்தேன். ஆய்வகத்தில் மழைத்தண்ணீர் புகுந்தபோது தப்பிய சில பாட்டில்களை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். புழு தங்காத வம்சத்தில் மிஞ்சிய ஒரே நத்தை அவற்றில் ஒன்றில் இருந்தது.

நீயோ வாழ்நாள் முழுக்க பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் பெட்டியோடு பெட்டியை மாட்டிய ஆள். அந்தக் கை சும்மா இருக்குமா?

"இன்னா கண்ணு, ஒண்ணே ஒண்ணு தனியா கெடக்குது, பாவமா கீது. அதான் பக்கத்து பாட்டில்ல கீறத தூக்கி இதுல வுட்டேன்" என்று சிரித்துக்கொண்டு நின்றாய்.

பிரித்தும் பயனில்லை. ஒருமுறை சேர்ந்துவிட்டால் மற்றதன் வித்து உள்ளேயே தங்கிவிடும். பிறகு இடும் முட்டையை நம்ப முடியாது.

"மூணு வருசம் போச்சு நைனா! உனக்கு இன்னா தெரியும்னு இதுல கைய வெச்ச?" என்று கத்தினேன்.

"தெரியாம பண்ணிட்டேம்மா" என்றாய். அதற்குப் பிறகு என் அறைக்குள் நீ காலே வைக்கவில்லை. டீயைக்கூட நிலைப்படிக்கு வெளியே நின்று நீட்டினாய். அம்மா போன பிறகு வீட்டில் இருந்தது நாம் இரண்டே பேர். அதிலும் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. இருபதாம் நாள் மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், அவ்வளவுதான். பரவாயில்லை என்று ஒரு வார்த்தை. அத்தனை நாளும் எனக்கு ஏன் வாய் வரவில்லை?

அந்தப் பாட்டிலைத் தூக்கிப்போடச் சொல்லியிருந்தேன். நீ சமையலறை ஜன்னலில், அரிசி டப்பாவுக்குப் பின்னால் மறைத்து, கீரை போட்டு வளர்த்திருக்கிறாய். உன் காரியம் முடிந்த பிறகுதான் கண்ணில் பட்டது.

போன வாரம் எதிர்வீட்டு செல்வி அக்கா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "உங்க நைனா இத என்கைல காட்டிகினே இருப்பாரு. 'இதுக்காவது ஒரு தொண கெடச்சிது செல்வி. நான் பூட்டா எம்பொண்ணு ஒண்டியா கெடக்குமே'ன்னுவாரு."

அன்று பாவம் என்றாயே, அது நத்தையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா? ஒண்டியாகத்தான் இருக்கிறேன் நைனா. சில ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்வரை ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். திடீரென்று நத்தையிடம் ஏதாவது சொல்லி, என் குரலை நானே கேட்டுத் திடுக்கிடுவேன்.

மறுபடி குட்டையில் பொறுக்கிவந்து புது வம்சம் தொடங்கியிருக்கிறேன். இரண்டாம் தலைமுறை முட்டை நேற்று கண்ணாடியில் ஒட்டியிருந்தது. ஆய்வகத்தில் இனியும் ஒரு பாட்டிலுக்கு ஒன்றுதான். அதில் உன் பேச்சைக் கேட்க முடியாது. ஆனால் ஜன்னலில் இருக்கும் உன் பாட்டிலில் குஞ்சும் பெரிசுமாய் ஒரே கூட்டம். அதை ஒருநாளும் பிரிக்க மாட்டேன். செல்வி அக்கா இந்த ஞாயிறு சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள். இதுவரை ஏதாவது சாக்குச் சொல்லிவந்தேன். இந்த முறை போகிறேன், சத்தியமாக.

பரவாயில்லை நைனா. அறைக்குள் வா.

நீ கண்ணு என்று கூப்பிட்ட
உன் ஒரே பொண்ணு