பைன் கன்றுகள் நின்ற பள்ளம்

அன்புள்ள அம்மா,

மாதா காவலில் நான் சுகம். உங்கள் முழங்கால் நோவு எப்படி? அப்பா கடலுக்குப் போகிறாரா?

பயப்படாமல் வாசியுங்கோ. போன கிழமை நானும் என்னோடு படிக்கும் வவுனியா நஃப்லாவும் இங்கே அமெரிக்காவில் உள்ள ஒரு மணற்கல் மலைக்கு, படிப்புக்காகப் பைன் கன்றுகளைப் பார்க்கப் போனோம். அது பாதுகாக்கப்பட்ட காடு. மரம் வெட்ட ஆளில்லை, ஆனால் கன்றுகளை மான்கள் தின்றுவிடும். ஒரு பள்ளத்தில் மட்டும் அவை கடிபடாமல் இடுப்பளவுக்கு நின்றன. குருவிச் சத்தம்கூட இல்லை.

"மான் ஏன் இங்க வாறேல்லை?" என்று கேட்டேன்.

நஃப்லா நாங்கள் வந்த வழியைக் காட்டினாள். பனியில் பதிந்த எங்கள் காலடிகளுக்கு மேலேயே எங்கள் ஊர்ச் சிறுத்தை போன்ற மலைச்சிங்கத்தின் புதுத்தடம் கிடந்தது.

"ஓடாதை. என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு மெல்ல வா."

கடைசிவரை நாங்கள் அதைக் காணவில்லை. வாகனத்தடிக்குத் திரும்பி வந்தபோது அங்கேயும் எங்கள் காலடிகளுக்கு மேல் அதன் தடம் இருந்தது; நாங்கள் இறங்கி நடக்கத் தொடங்கிய இடத்திலிருந்தே அது எங்கள் பின்னால் வந்திருக்கிறது. இதைக் கேட்ட எங்கள் பேராசிரியருக்கோ சந்தோசம். அதற்குப் பயந்து மான் வராததால்தான் கன்றுகள் பிழைக்கின்றனவாம்.

கூழ் காய்ச்ச ஒடியல் மா கொஞ்சம் அனுப்புங்கோ. இங்கு பின்னேரம் நான் பஸ்ஸால் இறங்கி அறைக்கு நடக்கும்போது போன் எடுங்கோ. கதைக்க ஒன்றுமில்லாவிட்டாலும் வைக்காதீங்கோ, குசினியில் நீங்கள் சமைக்கும் சத்தம் கேட்டால் போதும். இப்போதெல்லாம் பின்னால் ஒரு சத்தமும் இல்லாதபோதுதான் திரும்பிப் பார்க்கிறேன்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
ஆன்சலா