எறும்பு போடாத கவர்கள்

இயேசு மரி சூசை துணை

ஆவூர்
ஆனி 25, புதன்கிழமை

அன்பு மருமகள் மெர்லினுக்கு உன் தாய்மாமன் பால்ராஜ் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அத்தை மரிய செல்வி சுகம், அவள் முழங்கால் மட்டும் பாதிச் சுகம், கொல்லையில் பூசணி எங்கள் எல்லோரையும்விடச் சுகம். அங்கே நீ சுகமாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் ஒரு வரி வந்துவிட்டால் எங்கள் சுகம் முழுசாகிவிடும். கடிதத்தைப் பார்த்துப் பதறாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. போனில் பேசினால் டியூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுகிறாய். கிறிஸ்துமஸ் பார்சலுக்குப் பிறகு அந்தப் போனும் மாதத்துக்கு ஒன்றாகிவிட்டது, அதுவும் அத்தையோடு மட்டும், மாமா நல்லா இருக்காரான்னு நீ கேட்பதும் இருக்காரு இருக்காருன்னு அவள் சொல்வதும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற என் காதில் விழத்தான் செய்கிறது. கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது பார், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். இந்த வருஷப் பூசணி நம் மாவட்டத்திலேயே காய்க்காத பூசணி. கீரமங்கலம் சந்தைக்கு லாரி லாரியாகக் காய் வருகிறதே, அதில் ஒன்றாவது இதற்குப் பக்கத்தில் நிற்குமா என்று நானே கேட்டு நானே நிற்காது என்று சொல்லிக்கொண்டேன். விராலிமலையிலிருந்து இரண்டு பேர் வந்து வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் வழி கேட்க வந்தவர்கள் என்று உன் அத்தை சொல்லுவாள், நம்பாதே, வழி கேட்கிறவன் எதற்கு அவ்வளவு நேரம் பூசணியைப் பார்க்கிறான். மயில் தொல்லைதான் தாங்க முடியவில்லை, கீரை முளைத்து இரண்டு இலை விட்டால் போதும், குடும்பத்தோடு வந்துவிடுகிறது. என் குரல் கேட்டால் நடுங்கும் என்று ஊருக்கே தெரியும், ஆனாலும் நான் குளிக்கப் போகிற நேரம் பார்த்து வருகிறது, அவ்வளவு விவரம். அத்தை முழங்காலுக்கு டாக்டர் உட்கார்ந்து எழுந்திருக்கக் கூடாது என்றார், அவள் நின்றுகொண்டே பயற்றம்பருப்பு உருண்டை பிடிக்கிறாள். நீ இல்லாத வீட்டில் யாருக்கு இவ்வளவு என்று கேட்டால் பிடித்துப் பழகின கை சும்மா இருக்குமா என்கிறாள், பிறகு உன் பங்கை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி வைத்துவிட்டு எட்டாம் நாள் எனக்கே கொடுக்கிறாள். மூன்று வருஷமாக உன் பங்கைத் தின்று தின்று என் சட்டையெல்லாம் சின்னதாகிவிட்டது.

இப்போது அந்தப் பார்சல் விஷயம். ஏழு மாதமாக யாரும் வீட்டில் பேசாத விஷயம், நானே பேசிவிடுகிறேன். முறுக்கு டப்பாவுக்கு அடியில் செய்தித்தாள் விரித்து, அதற்கும் அடியில் எட்டு வகை விதையைப் பரப்பி அனுப்பினேன், நீ வாடகை வீட்டுக்குப் பின்னால் நாலடி மண் இருக்கு மாமா என்று எப்போதோ சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு. கூரியர்காரப் பையன் விதை ஏதும் இருக்கா சார் என்று கேட்டான், முறுக்குல என்னப்பா வெத என்று சிரித்தேன், அந்தச் சிரிப்புக்குத்தான் அங்கே பார்சலைப் பிரித்து விதையைப் பிடித்து, நீ லீவு போட்டுப் போய் அதிகாரி முன்னால் விளக்கம் சொல்லும்படி ஆனது. அந்த நாட்டுக்காரர்கள் அவர்கள் மண்ணைக் காப்பாற்றுகிறார்கள், அது சரிதான். பூசணிக்கும் விசா வேண்டும் என்பது எனக்குத்தான் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அனுப்பியிருப்பேனோ என்னவோ, உன்னிடம் எதற்குப் பொய். அன்று நீ போனில், உங்க பெருமைக்கு நான் பதில் சொல்லிட்டுத் திரியணுமா மாமா என்று கேட்டாய். கேட்டது சரி. ஏழு வயதில் உன் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு உன்னைத் தோளில் தூக்கி வந்ததிலிருந்து நீ என்னை ஒரு வார்த்தை குத்திப் பேசினதில்லை, அதனால் அது கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டது, வேறொன்றுமில்லை. மன்னித்துக்கொள். முறுக்கு அத்தை சுட்டது, அதில் ஒரு குற்றமும் இல்லை.

ஆனால் அதைவிடப் பெரிய பொய் ஒன்று இருக்கிறது, அது உனக்குத் தெரியாது. நம் ஆடி மாத விதைக் கூட்டம் உனக்கு மறந்திருக்காது, அதை ஆரம்பித்ததே நீதானே. முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் முனியசாமி டீக்கடைப் பெஞ்சில் நாலு வீட்டு விதையும் நாலு வீட்டுப் பலகாரமும், நம் வீட்டு உருண்டை, சந்தனமேரி டீச்சர் வீட்டுக் கலகலா, கண்டக்டர் ஆத்மநாதன் வீட்டு அதிரசம், முனியசாமி கடையில் அவன் பெண்டாட்டி போடுகிற சீடை. பலகாரம் தின்ற கையோடு விதை எடுத்தால் காய் ருசிக்கும் என்பது நம் சட்டம், பாகல் விதையை மட்டும் கை கழுவிவிட்டு எடுக்க வேண்டும் என்பது ஆத்மநாதன் போட்ட உபசட்டம். முனியசாமிக்கு எழுத்து வாசிக்க வராது, கவர் மேல் பெயர் எழுதினால் அவனுக்கு எதற்கு என்று ஒன்பது வயதில் நீதான் காயைப் படமாகப் போட ஆரம்பித்தாய். முதல் தடவை மிளகாயும் பூசணியும் ஒரே அளவில் இருந்தது, இதுல எது பாப்பா பெருசு என்று அவன் கேட்டான், நீ கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துவிட்டு மிளகாய்க்குப் பக்கத்தில் ஓர் எறும்பு போட்டாய், பூசணிக்குப் பக்கத்தில் ஒரு கோழி போட்டாய். அன்றிலிருந்து கத்தரிக்காய்க்கு வெட்டுக்கிளி, சுரைக்காய்க்கு அணில். நான் வெளியூரில் போய் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, நான் சொல்கிறவற்றில் இது ஒன்றுதான் அப்படியே நடந்தது.

விமானம் ஏறுமுன் ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்து வைத்துவிட்டுப் போனாயே நாற்பது கவர், அது இரண்டு ஆடிக்கு வந்தது. போன ஆடிக்கு ஒன்றுகூட மிச்சமில்லை. உன்னிடம் கேட்டேன், இப்பல்லாம் வரையறதே இல்ல மாமா, அதெல்லாம் விட்டாச்சு என்றாய். விட்டாச்சு என்றால் எப்படி, காய்ச்சல் விட்டது என்கிற மாதிரிச் சொன்னாய். எனக்கு அதை டீக்கடைப் பெஞ்சில் போய்ச் சொல்ல வாய் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் வரைந்த படத்தைப் பார்த்து டிராயிங் மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார், அது உனக்குத் தெரியும், எதற்கு எழுந்தார் என்பது இப்போது வேண்டாம், அந்தத் தைரியத்தில் நானே பன்னிரண்டு கவர் வரைந்து, மெர்லின் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறது, ஏரோப்ளேன் வாசனைகூட இருக்கிறது பாருங்கள் என்று கொடுத்தேன். முனியசாமி கவரை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, எறும்பு எங்கண்ணே என்றான். அவன் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. சட்டென்று, அந்த ஊருக் குளுர்ல எறும்பெல்லாம் கெடையாதுடா, பாக்காதத எப்புடி வரையும் புள்ள என்று அடித்துவிட்டேன். அவன் கவரை எடுத்துப்போய்ச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்துவிட்டான்.

ஆத்மநாதனுக்கு நான் கொடுத்தது மிளகாய் விதை. எறும்பு இல்லாத என் மிளகாயை அவர் நீளக் கத்தரிக்காய் என்று எடுத்துக்கொண்டார், இரண்டின் விதையும் ஒரே சாடையாகத்தானே இருக்கிறது. இத்தனை வருஷம் விதையை வாங்கி வீட்டம்மாவிடம் கொடுத்துவிட்டு, ரிட்டயர் ஆன பிறகு புதிதாகத் தன் கையால் தோட்டம் போடுகிறவர், மாடியில் பன்னிரண்டு பையில் வைத்து, கோயம்புத்தூரிலிருந்து மகளும் மருமகனும் வருகிறபோது எண்ணெய்க் கத்தரிக்காய் வைக்கப்போகிறேன் என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் டிக்கெட் கிழிக்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார். புரட்டாசியில் பார்த்தால் பன்னிரண்டு பையிலும் மிளகாய். டீச்சர் அவரிடம், எலையப் பாத்தாக்கூடவா தெரியல, கத்தரி எலை சொரசொரன்னு இருக்காதா கண்டக்டரே, இத்தன வருசம் சில்லறைய மட்டுந்தான் பாத்தீங்களா என்று கேட்டது. அதற்கு அவர் சொன்னதைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று பத்து மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எலையப் பாத்தப்பவே சந்தேகந்தான் டீச்சர், ஆனா செடிகூடத் தப்பா மொளைக்கும், அந்தப் புள்ள படம் தப்பா இருக்காதுன்னு தண்ணி ஊத்திக்கிட்டே இருந்துட்டேன் என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன். பதினேழு வருஷம் நீ போட்ட படத்தில் ஒரு தப்பு வந்ததில்லை, உன் பேரில் முதல் தப்பைப் போட்டது நான்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், அதைச் சரிக்கட்டுகிறேன் என்று உனக்கு விதை அனுப்பினேன், நாலடி மண்ணில் நாலு செடி முளைத்தால் பார்த்து வரைவாய் என்று ஒரு கணக்கு. அதுவும் எப்படி ஆனது என்று உனக்கே தெரியும். போன ஞாயிற்றுக்கிழமைதான் துணிந்து டீக்கடையில் உண்மையை உடைத்தேன். அது மெர்லின் படமில்லை, நான் வரைந்தது, பிள்ளை வரைவதை விட்டுவிட்டது, கொஞ்ச நாளாக என்னோடு பேசுவதையும் விட்டுவிட்டது என்று. சொல்லும்போது அழவில்லை, டீ சூடாக இருந்ததால் கண்ணில் நீர் வந்தது. டீச்சர், மாங்கா மாதிரி ஒரு தக்காளி போட்டீங்களே, அன்னிக்கே தெரியும் பால்ராஜ், ஏதோ ஆசைக்குச் செய்யிறீங்கன்னு இருந்தேன் என்றது. ஆத்மநாதன் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தேன், அவர் அதிரசத்தைப் பிட்டு என் தட்டில் வைத்துவிட்டு, புள்ள படத்துல தப்பு இல்லையே, அது போதும் என்றார். முனியசாமி உள்ளே போய்ச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து போன வருஷத்துக் கவரை எடுத்து வந்தான், பிரிக்கவே இல்லை. எறும்பு வரட்டும், அப்பறமா வெதைக்கலாம்னு வச்சிருந்தேண்ணே என்றான்.

அதனால் ஒரு யோசனை, என் யோசனைதான். சரி, முனியசாமி யோசனை, நான் ஒத்துக்கொண்டேன். காயை நான் வரைகிறேன், எறும்பை நீ போடு. இதோடு பன்னிரண்டு கவர் வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றிலும் காயை ஓரமாகத் தள்ளி வரைந்து பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன். அடியில் பெயரும் எழுதியிருக்கிறேன், உனக்கே புரியாமல் போய்விடக் கூடாது என்று டீச்சர்தான் எழுதச் சொன்னது. எறும்புக்கு எவ்வளவு நேரம் ஆகப்போகிறது, மூன்று புள்ளி, ஆறு கால். நீ வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் ஒரு பெரியவர் மாத்திரையை விழுங்குகிற நேரத்தில் ஓர் எறும்பு முடிந்துவிடும். விட்டாச்சு என்று நீ சொன்னதற்கு என்ன காரணமோ, நான் கேட்கவில்லை, கையில் இருந்தது கையை விட்டு எங்கே போகும். ஆடிப் பட்டம் தேடி விதை என்பார்கள், இந்த வருஷம் எங்கள் நாலு வீட்டிலும் ஆடியை உட்கார வைத்துவிட்டோம். உன் கவர் திரும்பி வந்த அன்றைக்குத்தான் கூட்டம், ஆவணி ஆனாலும் சரி, புரட்டாசி ஆனாலும் சரி. பலகாரமும் அன்றைக்குத்தான், அதனால் சீக்கிரம் அனுப்பு, ஆத்மநாதன் அதிரசம் இல்லாமல் ஆள் பாதியாகிவிட்டார்.

பதின்மூன்றாவதாக ஒரு கவர் இருக்கும், அது விதைக்கு இல்லை. அதில் நம் வீட்டு வாசலை வரைந்திருக்கிறேன், முருங்கை மரம், அத்தையின் வாளி எல்லாம் இருக்கிறது. வரைந்து முடித்துப் பார்த்தால் பக்கத்தில் ஓர் ஆள்கூட இல்லாததால் வாசல் எவ்வளவு பெரிது என்று எனக்கே தெரியவில்லை, தீப்பெட்டி மாதிரியும் இருக்கிறது, நம் கோயில் மாதிரியும் இருக்கிறது. இதற்கு எறும்பும் கோழியும் சரிவராது. அளவுக்குப் பக்கத்தில் உன்னைப் போட்டு அனுப்பு. வரைய நேரமில்லை என்றால், வந்து நின்றுவிட்டுப் போ.

இங்கே ஆனி வெயில் அடிக்கிறபோது அங்கே தலைகீழாகக் குளிர்காலம் என்று அத்தை சொன்னாள், ஈரத் தலையோடு டியூட்டிக்குப் போகாதே, காலையில் வெறும் காபியோடு ஓடாதே. மாதா உன்னை உள்ளங்கையில் வைத்துக் காக்கட்டும், உன் அம்மா மேலே இருந்து பார்த்துக்கொள்வாள், கீழே இருந்து நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். மறந்துவிடாதே, கவர் எல்லாம் காலி, நான் நாலு தடவை உதறினேன், அத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், ஒரு விதைகூட இல்லை, பயப்படாமல் பிரி.

உன் வழி பார்த்திருக்கும் தாய்மாமன்
சூ. பால்ராஜ்