புழு மாதிரி ஒரு இனிஷியல்

5 மே 2025, திங்கள்

கடிதம் வந்துவிட்டது! ஜூன் 11 ரகசிய வாக்கெடுப்பு. தொழில் உறவு இலாகாவின் முத்திரை, கையெழுத்து, எல்லாம் சரியாக இருக்கிறது. மூன்று முறை படித்தேன். பிறகு விமானக் கொட்டகையான ஹேங்கரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடினேன். "லோகேஸ்வரி, ஹேங்கர்ல ஓடக்கூடாதுன்னு பதினேழு வருஷமா தெரியாதா?" என்று மண்டோர் கத்தினார். சூப்பர்வைசரைத்தான் நாங்கள் மண்டோர் என்போம், அவர் காது படாமல்.

விமானம் பழுது பார்க்கும் மெக்கானிக்குகள் நாங்கள் 193 பேர். மூட்டை ஏற்றுகிறவர்கள், கவுண்ட்டர்காரர்கள், பஸ் டிரைவர்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கும் யூனியனில் நாங்கள் ஒரு ஓரம். இரண்டு வருஷத்துக்கு முன் அவர்கள் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். ஒரு ஷிப்டுக்கும் அடுத்த ஷிப்டுக்கும் நடுவே பதினோரு மணி நேரம் இருந்த ஓய்வை எட்டாக்கிவிட்டு, பதிலுக்கு ஆளுக்கு இரண்டு செட் சீருடை வாங்கி வந்தார்கள். கோலா சாவாவில் இருக்கும் வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, திரும்பிப் போக வேண்டிய எனக்கு அந்த எட்டில் நாலரைதான் தூக்கம். தூக்கக் கலக்கத்தோடு இன்ஜினுக்குள் கைவிடுகிறோம். எங்களை யாரும் கேட்கவில்லை. இந்த வாக்கெடுப்பில் ஜெயித்தால், இனி எங்களுக்காகப் பேச எங்களுக்கே ஒரு யூனியன். அதற்குத் தலைவி நான்.

ஒரே ஒரு சிக்கல். என் வீட்டுக்காரர் ஹேமநாதன் மூட்டைப் பிரிவு. பழைய யூனியனின் செயற்குழுவில் இருக்கிறார்.

"சரி லா, இனிமே கார்ல யூனியன் பேச்சு கிடையாது" என்றார். வழியில் லாபு ஊர் வருவதற்குள் இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தோம்.

9 மே, வெள்ளி

இந்த மெக்கானிக்குகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது! வாக்குக் கேட்கப் போனால் "ரூல் புத்தகம் இருக்கா?" என்கிறார்கள். கொடுத்தால் படிக்கிறார்கள். அறுபத்து நான்கு பக்கமும்! பார்க்காததற்குக் கையெழுத்துப் போடாதே என்று பழக்கி வைத்திருக்கிறார்களே, அந்த வினை.

கணேசமூர்த்தி அண்ணன்தான் எல்லாரிலும் மோசம். ஹேங்கரிலேயே அதிக வருஷம் வேலை பார்த்தவர். புதிய யூனியனின் சட்ட விதிகளில் பதினான்கு பிழை கண்டுபிடித்து, வரிசை எண் போட்டு, என் கையில் தந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"அண்ணே, இது என்னா விமானமா?"

"ரெண்டுலயும் ஆளு ஏறித்தானே போவணும், தங்கச்சி?"

பதினான்கில் பதினொன்று உண்மையான பிழை. அதுதான் இன்னும் எரிச்சல்.

14 மே, புதன்

பேசிப் பேசிக் குரலே போய்விட்டது. வீட்டில் கொண்டாட்டம்.

18 மே, ஞாயிறு

எங்கள் எஸ்டேட் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டோம். மந்தின், அம்பாங்கான், ரந்தாவ் பக்கத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். நாற்பது நாற்காலி போட்டோம், போதவில்லை. மலாய்க்கார நண்பர்கள் செருப்பை வாசலில் வரிசையாக விட்டுவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார்கள். விமானம் நிற்கும் திடலில் வேலை பார்க்கும் மெக்கானிக் நிஷாந்தன் பேசினான். பையன் வக்கீல் வீட்டுப் பிள்ளை, மூன்று மொழியிலும் பொரிந்து தள்ளினான். கைத்தட்டல்!

அப்போது கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. என் வீட்டுக்காரர்.

"கோயில் மண்டபம் எல்லாருக்கும் பொது, அதான் வந்தேன். ஒரே ஒரு கேள்வி. மெக்கானிக் இருக்கிறதாலதான் கம்பெனி எங்க யூனியனுக்குப் பயப்படுது. நீங்க பிரிஞ்சி போயிட்டா மூட்ட தூக்குறவனுக்கு யாரு இருக்கா?"

நியாயமான கேள்வி. வீட்டில் என்னிடம் ஒரு முறைகூடக் கேட்காத கேள்வி.

"ரெண்டு யூனியனா இருந்தாலும், போராட்டம்னு வந்தா ஒரே கம்பெனி கேட்டுலதாங்க நிக்கப் போறோம்" என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். அவர் தட்டவில்லை. கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கிவைத்தது மட்டும் அவர்தான்.

நான் சொன்னது பதிலா, சமாளிப்பா? தெரியவில்லை.

27 மே, செவ்வாய்

வாக்குச் சீட்டு மாதிரி வரைந்து எல்லாருக்கும் பாடம் எடுத்தேன். கட்டத்துக்குள் ஒரு குறுக்குக் கோடு, அவ்வளவுதான். பெயர் கூடாது, எண் கூடாது, புள்ளிகூடக் கூடாது. யாருடைய சீட்டு என்று தெரிந்தால் செல்லாது.

"பேனா எடுத்தாலே கையெழுத்துப் போடுற ஆளுங்க நாம. அன்னைக்கு ஒரு நாளு கைய அடக்குங்க!" என்றேன். நல்ல சிரிப்பு. எனக்கும் பெருமையாக இருந்தது.

10 ஜூன், செவ்வாய்

நாளைக்கு! நிஷாந்தன் 110 வரும் என்கிறான். நான் 99 என்கிறேன். வீட்டுக்காரர் என் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார்.

11 ஜூன், புதன்

எழுதினால் உண்மையாகிவிடும் போலிருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

முதல் ஆளாகப் போட வேண்டும் என்று ஆசைப்பட்டு வரிசையில் முதலில் நின்றேன். பயிற்சி அறையில் மறைப்பு வைத்த மேசை. சீட்டில் இரண்டு கட்டம், மேலே பழையது, கீழே புதியது. சந்தோஷத்தில் ஒரே அவசரம். குறுக்குக் கோடு போட்டேன். மேல் கட்டத்தில்!

அதற்குப் பிறகு நடந்ததை நான் செய்யவில்லை, என் கை செய்தது. ஹேங்கரில் எந்தத் தாளிலும் தவறாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, மேலே எழுதவும் கூடாது. தவறு தெரியும்படி அதன்மேல் ஒரே ஒரு கோடு. பக்கத்தில் இனிஷியல். பதினேழு வருஷப் பழக்கம். ஒரு கோடு கிழித்தேன், இனிஷியல் போட்டேன், கீழ்க் கட்டத்தில் அழகாகக் குறுக்குக் கோடு போட்டேன், மடித்துப் பெட்டிக்குள் போட்டேன்.

கதவைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. வேறு சீட்டுக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களே! எனக்கு என்ன புத்தி கெட்டுப் போச்சா? ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள்!

சாயங்காலம் வரை எல்லாரும் வந்து கைகுலுக்கினார்கள். 193 பேரில் ஒருவர்கூட பாக்கியில்லை, மருத்துவ விடுப்பில் இருந்தவர்கூட வந்து போட்டார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

ஒரு வாக்குத்தானே. ஒன்றில் என்ன ஆகிவிடும்?

12 ஜூன், வியாழன்

96. 96. செல்லாதது ஒன்று.

13 ஜூன், வெள்ளி

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

எண்ணும் அறைக்குள் இலாகா அதிகாரியோடு இரண்டு பக்க முகவர்கள்தான் இருந்தார்கள். எங்கள் பக்கம் நிஷாந்தன். அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர். முதலில் நிஷாந்தன்தான் வெளியே வந்தான், முகம் சிவந்து.

"அக்கா, எவனோ ஒரு மடையன்! மேல போட்டு, அடிச்சி, பக்கத்துல புழு மாதிரி ஒரு இனிஷியல் வேற. நம்ம வாக்குதான், ஆனா செல்லாதுன்னுட்டாங்க. ஜூலை ரெண்டாந்தேதி திரும்ப வாக்கெடுப்பாம்!"

அவன் ஹேங்கர் ஆள் இல்லை. என் இனிஷியலைப் பார்த்ததே கிடையாது. ஆனால் பின்னாலேயே வந்த வீட்டுக்காரர் அதே புழுவை எங்கள் மகளின் ரிப்போர்ட் கார்டில் எத்தனை வருஷமாகப் பார்க்கிறார்! என்னை ஒரு பார்வை பார்த்தார். போய்விட்டார். அவர் வாயைத் திறந்தால் நானும் முடிந்தேன், யூனியனும் முடிந்தது.

இன்று கேண்டீனில் புதிதாக ஒரு பேச்சு. கணேசமூர்த்தி அண்ணன்தான் வேண்டுமென்றே கெடுத்தாராம். பதினான்கு பிழை சொன்னவர் வேறு யாராக இருக்க முடியும் என்கிறார்கள். அவர் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தபோது அந்த மேசையில் யாரும் இல்லை.

நானும் வேறு மேசையில்தான் உட்கார்ந்தேன்.

15 ஜூன், ஞாயிறு

சொல்லிவிட வேண்டும். நாளைக்கு.

16 ஜூன், திங்கள்

நாளைக்கு.

காரில் நானே ஆரம்பித்தேன். "ஏங்க இன்னும் யார்கிட்டயும் சொல்லல?"

"என்னாத்த?"

"புழுவ."

"ஓட்டு எண்ற ரூம்ல பார்த்தத வெளிய சொல்லக்கூடாது லா. அது ரூல்." கொஞ்ச தூரம் போனதும், "நீ சொல்லலாம். உன்னோடதுதானே?" என்றார்.

17 ஜூன், செவ்வாய்

சொல்லிவிட்டேன்!

காலை ஷிப்டுக்கு முன்னால் எல்லாரும் வட்டமாக நிற்கும்போது நடுவில் போய் நின்றேன். ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்தது எல்லாம் மறந்துபோய், மலாயில் "ஊலாட் இத்து சாயா பூஞா" என்றுதான் வந்தது. அந்தப் புழு என்னுடையது. எப்படி அவசரப்பட்டேன், எப்படிக் கோடு கிழித்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு கோடு, ஓர் இனிஷியல் என்றதும் யாரோ ஒருவர் புரையேறிச் சிரித்தார். பிறகு மொத்த ஹேங்கரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. எல்லார் கையும் அதே கைதானே! சிலர் மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

விஷயம் தெரிந்து நிஷாந்தன் ஓடிவந்தான். "மடையன்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன்கா."

"வேணாம், மடச்சின்னு மாத்திக்க."

பிறகு இரண்டு கிளாஸ் தே தாரிக் டீ வாங்கிக்கொண்டு கணேசமூர்த்தி அண்ணன் மேசைக்குப் போனேன். "அண்ணே, உங்களப் பத்தி பேசுனப்ப நான் தெரிஞ்சே வாய மூடிக்கிட்டு இருந்தேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"ஆறிடும், உக்காந்து குடி" என்றார்.

24 ஜூன், செவ்வாய்

பழைய யூனியன் நோட்டீஸ் அடித்துவிட்டது, மூன்று மொழியில். 'அவர்கள் தலைவியே முதலில் நமக்குத்தான் போட்டார்!' கீழே ஒரு புழுப் படம், கண்ணாடி மாட்டிக்கொண்டு.

ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் இவரே. "நான் எழுதல. தமிழ்ல மட்டும் பிழ திருத்திக் குடுத்தேன்" என்கிறார்! கோபத்தில் நோட்டீஸைச் சுருட்டி எறிந்தேன். பிறகு எடுத்து விரித்துப் பார்த்தேன். படம் நன்றாகத்தான் இருக்கிறது. நாளைக்கு என் டூல்பாக்ஸில் ஒட்டப் போகிறேன். அவர்கள் சிரித்தால் நானும் சிரிக்கிறேன், அவ்வளவுதானே!

2 ஜூலை, புதன்

இன்று கடைசி ஆளாக நின்றேன். கீழ்க் கட்டம். ஒரே ஒரு குறுக்குக் கோடு. பேனாவை உடனே அதிகாரி கையில் கொடுத்துவிட்டேன்.

3 ஜூலை, வியாழன்

நூற்று மூன்று! அவர்களுக்குத் தொண்ணூறு! செல்லாதது ஒன்றுகூட இல்லை!

ஹேங்கரில் ஓடினேன். மண்டோர் ஒன்றும் சொல்லவில்லை. யாரோ ஸ்பேனரால் டூல்பாக்ஸைத் தட்ட, வரிசையாக எல்லாரும் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். என் காது இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறது. நிஷாந்தன் அழுகிறான், நான் அழுகிறேன், எதற்கு என்றே தெரியாமல் கேண்டீன் அம்மாவும் அழுகிறார்.

வீட்டுக்காரர் வந்து எல்லார் முன்னாலும் கை நீட்டினார். "வாழ்த்துகள், புவான்" என்றார், மலாயில் மேடம் என்பதுபோல். திரும்பும்போது காரில் "எங்க ஆளுங்க மொகத்த பார்க்க முடியல, லோகா" என்றார். அவர் தோளில் கை வைத்தேன். என் சந்தோஷம் கொஞ்சமும் குறையவில்லை, அதுதான் உண்மை. ஆனால் ஒன்று. இவர்கள் கேட்டில் நிற்கும் நாளில் நாங்கள் போய் நிற்காவிட்டால் நான் மனுஷியே இல்லை.

8 ஜூலை, செவ்வாய்

ஹேங்கரில் இப்போது ஒரே கணக்குத்தான். என் வாக்கைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் ஆறு பேர் மனம் மாறியிருக்கிறார்கள். யார் அந்த ஆறு பேர்? ஆளாளுக்கு ஒரு பட்டியல்.

கேண்டீனில் கணேசமூர்த்தி அண்ணன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். மீனில் முள் எடுத்துக்கொண்டே சொன்னார். "மொதத் தடவ நான் பழசுக்குத்தான் போட்டேன்."

எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தேன்.

"இருவத்தஞ்சி வருஷம் இருந்த யூனியன். மனசு வரல. ஒரு ஆளு வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், தங்கச்சி. எல்லாரும் என்னையப் பத்திப் பேசுனாங்க. யாரும் என்னைய கேக்கல."

மெதுவாக, "ரெண்டாவது தடவ, அண்ணே?" என்றேன்.

"அது ரகசிய வாக்கு லா."

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் சிரித்து நிறுத்தின பிறகும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நாளைக் காலை கம்பெனியோடு முதல் பேச்சுவார்த்தை. முதல் விஷயமே ஓய்வு நேரம்தான். எங்கள் பக்கம் நான்கு நாற்காலி, மூன்றுக்குத்தான் ஆள் முடிவாகியிருந்தது. நீங்கள் வருகிறீர்களா அண்ணே என்று அங்கேயே கேட்டேன். கையைக் கழுவிவிட்டு வந்து, எத்தனை மணிக்கு என்றார்.