அறுத்த வலை

பலெர்மோ,
14.07.1996

அன்புத் தம்பி ஏர்னஸ்ற்றுக்கு,

மடு மாதாவின் காவலில் நீயும் அம்மாவும் பேசாலையில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். எங்களுக்கு உடம்பில் ஒரு குறையுமில்லை. மற்றதைக் கீழே எழுதுகிறேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே.

கடலுக்குப் போக நேவி பாஸ் தருகிறதில்லை, அத்தானின் படகில் எனக்கும் ஒரு வேலை பாருங்கோ என்று கேட்டிருந்தாய். தம்பி, இப்போது அத்தானுக்கே அந்தப் படகில் வேலை இல்லை.

வாள் போல மூக்குள்ள பெரிய மீனுக்குத்தான் அவர்கள் போவார்கள். மாலையில் மிதக்கும் வலையை விட்டு, விடியப் போய் இழுப்பது. வலை இவ்வளவு நீளந்தான் இருக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் எல்லாரும் அதைப்போலப் பல மடங்கு விடுகிறார்கள். நாங்கள் வந்த புதிதில் பல்லரோச் சந்தையில் ஆள் உயர மீன் கிடக்கும், இப்போது குஞ்சுகள்தான். படகுக்காரர் சால்வோவுக்கும் அது தெரியும். "நான் விட்டால் பக்கத்துப் படகு பிடிக்கும்" என்பாராம். கெட்ட மனிதர் இல்லை. எங்கள் முதல் நத்தார்ப் பண்டிகைக்குத் தன் வீட்டில் சாப்பாடு போட்டவர்.

அந்த வலையில் ஆமை, படகோடு துள்ளி வரும் ஓங்கில் எல்லாம் செத்து வரும். அத்தான் அன்றைக்கு வீட்டில் சாப்பிடமாட்டார்.

போன மாதம் ஒரு திமிங்கிலக் குட்டி உயிரோடு சிக்கிவிட்டது. தாய் சுற்றிச் சுற்றி வந்ததாம். கரைக்காவலுக்கு அறிவித்தால் வலையின் நீளம் பிடிபடும். குட்டி சாகும்வரை பொறுத்தால் வலையைச் சேதமில்லாமல் எடுக்கலாம் என்று சால்வோ சொல்லியிருக்கிறார். எல்லாரும் சிகரெட் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்களாம். அத்தான் கத்தியோடு கடலில் குதித்து வலையை அறுத்துவிட்டார். குட்டி தாயோடு நீந்திப் போய்விட்டது. வலையும் கிழிந்து பாதி நீரோட்டத்தோடு போய்விட்டது. அந்தப் படகை நம்பியிருந்த ஐந்து வீட்டுக்கும் இந்தப் பருவம் அதோடு முடிந்தது.

கரையில் இறங்கும்போது சால்வோ, "கொட்வின், எனக்கும் பிள்ளையள் இருக்கினம்" என்ற கருத்தில் ஏதோ சொன்னாராம். அதற்குப் பிறகு ஒரு படகும் அத்தானை ஏற்றவில்லை. செப்டெம்பரில் இந்த நாட்டில் இருக்கத் தரும் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க வேண்டும். வேலைக் கடிதம் இல்லாமல் குவெஸ்தூராப் பொலிசில் தரமாட்டார்கள். அத்தானுக்குத் தோட்டவேலை என்று ஒரு கடிதம் தரும்படி நான் வீட்டுவேலை செய்யும் சிஞ்ஞோராவைக் கேட்டேன். பார்ப்போம் என்றா. பிறகும் கேட்டேன். பார்ப்போம் என்றுதான் சொல்கிறா.

நான் அத்தானைப் பேசிவிட்டேன், தம்பி. "அது ஆருடைய பிள்ளை? எங்கடை சீவியத்தை ஏன் அறுத்தனீங்கள்?" என்று கத்தினேன். "கிளறா, அது மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தது. தாய் எனக்குக் கிட்ட வந்தும் ஒண்டும் செய்யேல்லை" என்றார். அவ்வளவுதான். இப்போது பூசைக்கு வந்தாலும் கோயில் படியிலேயே இருந்துவிடுகிறார்.

வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் சொல்வதைக் கேட்டு வள்ளத்தை விற்றுவிடாதே. வெடி போட்டு மீன் பிடிக்கிறவர்களோடும் சேராதே. அது குஞ்சையும் முட்டையையும் சேர்த்துக் கொல்லும்.

அத்தானுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. நீங்கள் செய்தது சரி என்று எழுது. நான் சொல்லவேண்டிய சொல்தான் அது. அவரிடம் சொல்ல வாயைத் திறந்தால் செப்டெம்பர்தான் வருகிறது.

மாதா உன்னைக் காக்கட்டும்.

அன்பு அக்கா,
கிளறா