சலீம் பெயரில் ஒரு காப்பி

தை 22, திங்கள்

அரிசி மில் கம்ப்யூட்டர் இன்று காலை கிளம்பவே இல்லை. நேற்று புது டிஸ்க் சேர்க்கும்போது, கம்ப்யூட்டர் கிளம்பும்போது படிக்கும் லினக்ஸ் ஃபைல் ஒன்றில் நான் ஒரு வரியைத் தப்பாக எழுதிவிட்டேன். வாசலில் நெல் லாரிகள் நின்றன. எடைச்சீட்டு போட முடியவில்லை.

சரி செய்ய அரை மணி நேரம் அவகாசம் கேட்டேன். முதலாளி அதற்குள் துபாய்க்குப் போன் போட்டுவிட்டார். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த சலீம் இப்போது அங்கேதான் வேலை பார்க்கிறான். இருவரும் ஒரே நாளில்தான் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டோம். என்னுடையதில் இன்னும் ஒரு முத்திரைகூட விழவில்லை.

"பதறாதீங்கண்ணே. கிளம்பறப்பவே அந்த ஃபைலை என் பேர்ல காப்பி எடுத்துப் பக்கத்துலயே வச்சிட்டுதான் வந்தேன். என்னைக்காவது யாராவது கை வைப்பாங்கன்னு தெரியும்" என்றான் சலீம் என்னிடம், போனில்.

அதை எடுத்துப் பழைய இடத்தில் போட்டேன். கம்ப்யூட்டர் கிளம்பிவிட்டது.

"பாத்தியா, அங்க இருந்துகிட்டே சரி பண்ணிட்டான்" என்றார் முதலாளி. கீபோர்டில் இருந்தவை என் விரல்கள்.

சாயங்காலம் எல்லோரும் போனபிறகு, அந்தக் காப்பியிலிருந்து சலீமின் பெயரை எடுத்துவிட்டு என் பெயரை வைத்தேன். வீட்டுக்கு வரும்போது நிம்மதியாகத்தான் இருந்தது. படுத்தால் தூக்கம் வரவில்லை. பெயர் மட்டும்தான் என்னுடையது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு வரியும் அவன் எழுதியது.