கதைக்காமல் கேட்டவர்

அண்ணை,

இன்று காலை உங்கள் நம்பரில் ஒரு குழந்தை சிரித்தது. எனக்கு யாரென்றே தெரியாத குழந்தை. கடையைத் திறந்துவிட்டு யாருக்கோ வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பப் பெயர்களைத் தட்டிக்கொண்டு போனேன். உங்கள் பெயர் வந்தது, அதன் பக்கத்தில் அந்தப் படம். ஒன்பது மாதமாக அந்த இடத்தில் ஒரு சாம்பல் வட்டம்தான் இருந்தது.

யாரோ உங்கள் சிம்மை வைத்துக்கொண்டு எங்களைக் கவனிக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். பாவிக்காமல் விட்ட நம்பரைக் கம்பனிக்காரர் வேறு ஆளுக்குக் கொடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததா? நான் போன் திருத்துகிறவன். இதைக் கடையில் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். இருந்தும் சந்தேகம்தான் முந்திக்கொண்டு வந்தது. உங்களுக்கு அநியாயம் செய்ததும் இதே புத்திதான். அதனால் எழுதுகிறேன்.

‘ஆத்தங்கரை உறவுகள்’ என்று குறூப்புக்குப் பெயர் வைத்தவர் எங்கள் ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புச் செயலாளர். அனுமதி இல்லாமல் ஆற்றில் மண் அள்ளுகிற டிப்பர்களைக் கண்டால் உடனே சொல்ல வேண்டும், சனம் கூடி வழியை மறிக்க வேண்டும். அதற்காகத் தொடங்கிய குறூப். கரை இடிந்து வயலுக்குள் வந்துகொண்டிருந்தது, கிணறுகள் சித்திரைக்கு முதலே வற்றின, முறைப்பாடு கொடுத்த இடத்தில் எல்லாம் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எங்களிடம் மிச்சம் இருந்தது வட்ஸ்அப் மட்டும்தான்.

ஆனால் அது சீக்கிரமே மண்ணைவிடப் பெரிதாகிவிட்டது. இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்தால் முதலில் அங்கேதான் செய்தி வரும். காணாமற்போன ஆடு, கரண்ட் நிற்கிற நேரம், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகிற வாகனத்தில் இன்னும் எத்தனை பேருக்கு இடம் என்று எல்லாம் அங்கேதான். குறூப்பில் இருந்த ரூபனின் தங்கைக்குப் பிள்ளைப்பேற்று நோ வந்தபோது அவன் ஒரு வொய்ஸ் மெசேஜ் போட்டான், பத்து நிமிடத்தில் மூன்று வாகனங்கள் வாசலில் நின்றன. அறுபத்தொரு பேர். ஒரு குடும்பம் என்று செயலாளர் அடிக்கடி சொல்வார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

உங்களை அதற்குள் சேர்த்தது நான். டிஸ்பிளே வெடித்த போனோடு கடைக்கு வந்து, வேலை முடியும்வரை வாங்குப் பலகையின் நுனியில் இருந்தீர்கள். போகும்போது, “தம்பி, அந்தக் குறூப்புல என்னையும் போட்டுவிடுறீங்களா? ஆறு நம்ம வீட்டுக்குப் பின்னாலதான் ஓடுது” என்று கேட்டீர்கள். கேட்பதற்கே நீங்கள் கூச்சப்பட்டது எனக்கு அன்று விளங்கவில்லை. உங்கள் அப்பா மலையகத்துக் கலவரத்தில் அடிவாங்கி இங்கே ஓடி வந்தவர். நீங்கள் இங்கே பிறந்தவர். நாங்கள் இடம்பெயர்ந்த வழியெல்லாம் நீங்களும் பெயர்ந்தீர்கள், நாங்கள் இருந்த முகாமில் நீங்களும் இருந்தீர்கள். ஆனாலும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்த எங்கள் ஆட்களுக்கு நீங்கள் ஆத்தங்கரையில் குந்தியிருக்கிற ஆள்தான். காணி உறுதியும் இல்லை, கமக்காரர் அமைப்பில் கதிரையும் இல்லை.

சேர்ந்த மூன்றாம் நாள் விடிய, உங்கள் முதல் வொய்ஸ் வந்தது. “ரெண்டு டிப்பரு போவுதுங்க. நம்பரு தட்டுல சேறு பூசியிருக்காங்க. யாராச்சும் வாங்க.” அவ்வளவுதான். அடுத்த நிமிடம் ரூபன் அதே வசனத்தை உங்கள் குரலில் பேசிக் காட்டி, கடைசியில் ஒரு “சாமியோவ்” சேர்த்து அனுப்பினான். சிரிக்கிற முகங்கள் வரிசையாக விழுந்தன. அதில் ஒன்று என்னுடையது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கடையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு, யோசிக்காமல் அமத்தினேன். அன்று டிப்பரை மறிக்க ஒருவரும் போகவில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் அங்கே வாய் திறக்கவில்லை. ஒருவரும் அதைக் கவனிக்கவும் இல்லை.

பிறகு குறூப்பில் பேசுகிற கதை வெளியே போகத் தொடங்கியது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பாலத்தடியில் கூடுவோம் என்று குறூப்பில் முடிவெடுத்தால், சனிக்கிழமை ஒரு டிப்பரும் வராது. ஞாயிற்றுக்கிழமை வந்து இரண்டு மடங்கு அள்ளிக்கொண்டு போகும். இப்படி மூன்று தரம். மூன்றாம் தரம் பாலத்தடியில் நின்ற பதினெட்டுப் பேரும் ஆற்றைப் பார்க்கவில்லை, ஆளை ஆள் பார்த்தோம். அதற்குப் பிறகு குறூப்புக்குள் இன்னொரு குறூப் முளைத்தது, பன்னிரண்டு பேரோடு. அதிலிருந்தும் கதை போகுது என்று ஐந்து பேரோடு மூன்றாவது. பிறந்தநாள் வாழ்த்துக்கூடச் சனம் யோசித்துப் போட்டது.

உங்களுக்கு எங்கள் ஆட்களைத் தெரியும். வாசலில் புது ஆள் நின்றால் நாங்கள் பெயரைக் கேட்பதில்லை, யாருடைய ஆள் என்று கேட்போம். சத்தம் போடுகிறவனுக்கு நாங்கள் பயப்படுவதில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒன்றும் கதைக்காமல் இருக்கிறவனுக்குத்தான் பயம். அந்தப் பயம் சும்மா வந்ததல்ல, எத்தனையோ வீடுகளை அழித்த அனுபவத்திலிருந்து வந்தது. ஆனால் உண்மையான பயத்தை வைத்துக்கொண்டும் பொய்யான ஆளைப் பிடிக்கலாம் என்பதை நான் அப்போது நினைக்கவில்லை.

போன் தெரிந்தவன் என்று செயலாளர் என்னிடம் வந்தார். அவரும் நானும் போட்ட ஒவ்வொரு செய்தியையும் யார் எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்ற பட்டியலைத் திறந்து காட்டினேன். எல்லாவற்றிலும் நீங்கள் இருந்தீர்கள். பெரும்பாலும் முதல் ஆளாக, அனுப்பிய ஒரு நிமிடத்துக்குள். எல்லா வொய்ஸையும் கேட்டிருந்தீர்கள். ஒரு மறுமொழியும் இல்லை. வீடும் ஆற்றங்கரையில். செயலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “தோட்டக்காட்டானை உள்ளை விட்டது எங்கட பிழை” என்றார். மலையகத்தாரை இழிக்கிற அந்தச் சொல்லுக்கு நான் அவரைக் கடையை விட்டு இறக்கியிருக்க வேண்டும். ஆனால் என் கண்டுபிடிப்பு எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

அன்று பின்னேரம் நான் போட்ட வொய்ஸை நீங்கள் கேட்டீர்கள். “ஓராள் எல்லாத்தையும் கேக்கிறார், ஒண்டும் கதைக்கிறேல்லை. ஆரெண்டு நான் சொல்லத் தேவையில்லை. மரியாதையா வெளியிலை போகட்டும்.” பெயர் சொல்லவில்லை என்று பிறகு நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டதுண்டு. பெயரைச் சொல்லியிருந்தால் நீங்கள் மறுக்கவாவது இடம் இருந்திருக்கும்.

அடுத்த நாள் கடைக்கு வந்தீர்கள். வாங்கில் இருக்கவில்லை. நாலைந்து பேர் நின்றார்கள். நீங்கள் குரலை உயர்த்தவில்லை.

“தம்பி, பேசினா சிரிக்கிறீங்க. பேசாட்டி சந்தேகப்படுறீங்க. நான் என்னதான் செய்யிறது?”

“போங்கோ அண்ணை, கடையிலை சனம் நிக்குது” என்றேன். நீங்கள் சனத்தை ஒருதரம் பார்த்துவிட்டு இறங்கிப் போனீர்கள். மத்தியானம் செயலாளர் உங்களைக் குறூப்பிலிருந்து எடுத்துவிட்டார். இருபது பேர் கைகூப்பிய படம் போட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமைக்கும் ஒரு திட்டம் போட்டோம், அண்ணை. துப்புரவான குறூப், உங்களைக் கழித்த குறூப். சனிக்கிழமை ஒரு டிப்பரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று முழுக்க ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. அறுபது பேருக்கும் விளங்கியது, அறுபது பேரும் வாயை மூடிக்கொண்டோம். நீங்கள்தான் என்று இருந்தது எல்லோருக்கும் வசதி. நீங்கள் இல்லையென்றால் எங்களில் ஒருவர்.

வட்ஸ்அப்பில் தொடங்கியது ஊருக்குள் இறங்கியது. உங்களை உழவுக்குக் கூப்பிடுகிறதை விட்டார்கள். உங்கள் மகளுக்குப் பக்கத்தில் ரியூசனில் ஒரு பிள்ளையும் இருக்கவில்லை, காட்டிக்கொடுத்தவனின் மகளாம். வேலை தேடி ஸ்கந்தபுரம் பக்கம் போனீர்கள். வெட்டுக் காலம், வயல் சேற்றுக்குள் நின்ற வேலை. அங்கே பிடித்த எலிக்காய்ச்சலோடு வந்து படுத்தீர்கள். மூன்றாம் நாள் உங்கள் வீட்டுக்கார அக்கா உங்களைத் தாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். பத்து நிமிடத்தில் மூன்று வாகனம் வருகிற ஊர் இது. கேட்பதற்கு அவருக்கு வழி இருக்கவில்லை. பிந்திக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

செத்தவீட்டுக்கு எங்கள் குறூப்பிலிருந்து வந்தது நான் மட்டும்தான். அதற்கு முன் அக்காவை நான் கண்டதில்லை. வாசல் படலையில் நின்ற ஒருவரிடம், பிரேதம் எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று மெதுவாகக் கேட்டேன். உள்ளே இருந்த அக்கா தலையைத் தூக்கினார்.

“நீங்கதானே போன் கடைத் தம்பி?”

குரலை வைத்துப் பிடித்துவிட்டார். அவராகவே சொன்னார். பின்னேரங்களில் அவர் சமைக்கும்போது நீங்கள் குசினி வாசலில் இருந்து எல்லா வொய்ஸையும் சத்தமாகப் போடுவீர்களாம். இது செயலாளர், இது ரூபன், இது போன் கடைத் தம்பி என்று மகளுக்குச் சொல்லிக் கொடுப்பீர்களாம். ரூபனின் தங்கைக்குப் பிள்ளை பிறந்த அன்று இரண்டு பேரும் சந்தோசப்பட்டீர்களாம். “எங்க வீட்டுக்கு யாரும் வர்றதில்ல தம்பி. அதுலதான் எங்களுக்கு ஊர் கேக்கும்” என்றார்.

நான் வேவு என்று கணக்குப் போட்டது அதைத்தான். நீங்கள் போனைக் கீழே வைக்காமல் இருந்ததற்குக் காரணம், உங்களோடு கதைக்காத ஒரு ஊரை அப்படியாவது வீட்டுக்குள் கூட்டி வந்து வைத்திருந்ததுதான். நீங்கள் கேட்ட என் கடைசி வொய்ஸும் அதே வாசலில், அக்காவும் மகளும் கேட்கத்தான் ஓடியிருக்கும். அதைப்பற்றி அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு முடிந்ததும் செயலாளரிடம் போனேன். உங்களில் பிழை இல்லை என்று குறூப்பில் சொல்லச் சொன்னேன். அவர் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். “உதை இப்ப கிண்டாதை, தம்பி. பிறகு ஆரெண்டு திரும்பத் தேட வேண்டிவரும். செத்த மனுசனுக்கு இனி என்ன?” என்றார். செத்த மனிதனுக்கு ஒன்றும் இல்லைதான். உயிரோடு ஒரு பிள்ளை அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போகிறாள் என்றேன். அவர் தேத்தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நான் எழும்பி வந்து, என் குரலிலேயே அதைச் சொல்லி ஒரு வொய்ஸ் போட்டேன். இரண்டு பேர் வெளியேறினார்கள். ஒருவன் கட்டைவிரலைக் காட்டினான். அன்று பின்னேரம் அட்மின் மட்டும் செய்தி போடலாம் என்று மாற்றிவிட்டார்கள்.

இதை அக்காவிடம் போய்ச் சொன்னபோது அவர் நெல் புடைப்பதை நிறுத்தவில்லை. “போன்ல சொன்னது போன்லயே போயிடும். கூட்டத்துல எந்திரிச்சு நின்னு சொல்லுங்க. எம் புள்ள கேக்கணும்” என்றார்.

காலபோக விதைப்புக்கு முந்திய கமக்காரர் கூட்டம் பொதுநோக்கு மண்டபத்தில் நடந்தது. அக்காவும் மகளும் பின் சுவரோடு நின்றார்கள். இருக்கச் சொல்லி ஒருவரும் கதிரை கொடுக்கவில்லை. தண்ணீர் முறை கதைத்து முடிந்ததும் எழும்பினேன். எழுதிக்கொண்டு போனதெல்லாம் மறந்துபோனது. “அவரிலை ஒரு பிழையும் இல்லை. அவரை வெளியிலை போட்டாப் பிறகும் கதை போனது, உங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த வொய்ஸ் போட்டது நான். பிழை என்ரை” என்றேன்.

ரூபன் கேட்டான்: “அப்ப ஆரெண்டு சொல்லன்?”

தெரியாது என்றேன். மண்டபத்திலிருந்த தலைகளெல்லாம் திரும்பி ஒன்றையொன்று பார்க்கத் தொடங்கின. பாலத்தடியில் நின்ற காலைதான் எனக்கு நினைவு வந்தது. செயலாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஆருக்கும் என்றில்லாமல் சொன்னார்: “எங்கட போன் எல்லாம் ஆரின்ரை கையாலை போய் வருது எண்டு யோசிச்சால் சரி.”

தலைகள் நின்றன. என் பக்கமாக நின்றன.

அவர் அதைச் சொன்ன வேகத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கதை கொடுத்தவர் அவர்தான் என்று மனது சொல்கிறது. உங்களைச் சொன்னதும் இதே மனதுதான், அதனால் எனக்குத் தெரியாது என்று எழுதி வைக்கிறேன். உண்மையில் தெரியாது. டிப்பர் இன்றைக்கும் ஓடுகிறது. ஊரில் யாரும் இப்போது என் கடைக்குப் போன் கொண்டுவருவதில்லை. வெடித்த கண்ணாடியோடு பரந்தன்வரை போகிறார்கள். மறுக்க வேண்டும் என்று வாய் திறந்தால், அளவுக்கு மீறிக் கதைக்கிறான் என்பார்கள். பேசாமல் இருந்தால் என்ன சொல்வார்கள் என்பதை உங்களிடம் கேட்க வேண்டியதில்லை.

போன கிழமை அக்கா கடைக்கு வந்தார். மகளின் போன் சார்ஜ் ஏறவில்லை, பள்ளிக்கூடப் பாடமெல்லாம் அதில்தான் வருகிறதாம். மேசையில் வைத்தார். பின்னேரம் வந்து எடுங்கோ அக்கா என்றேன். “இல்ல, நிக்கிறேன்” என்றார். வாங்கைக் காட்டினேன், இருக்கவில்லை. நான் மூடியைக் கழற்றி, பற்றரியை எடுத்து, சார்ஜ் பின்னைச் சுரண்டி, திரும்பப் பூட்டும்வரை என் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு தரமும் கண்ணை எடுக்கவில்லை. போனை வாங்கி, தட்டிப் பார்த்து, சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அவர் என்னை நம்பவில்லை, அண்ணை. நம்பாமலும் வந்தார். மகளும் இப்போது ரியூசனுக்குப் போகிறாளாம், பக்கத்தில் ஒரு பிள்ளை இருக்கிறதாம். அதை அவராகச் சொல்லவில்லை, நான்தான் கேட்டேன். அதற்குப் பிறகு வெளியூர் ஆட்கள் யாராவது கொண்டுவருகிற போனைத் திறந்தாலும் என் கையின் மேல் அக்காவின் அந்தப் பார்வை நிற்கிறது. இன்று காலையும் நின்றது. நான் அதை விலக்கவில்லை.