படிவத்தில் முதுகு வலி

மார்ச் 4, செவ்வாய்

காலையில் முதல் வேலையாக வீட்டுக்காரரின் மூக்குக் கண்ணாடியை எடுத்து, ஜன்னல் கம்பிக்கு நேரே பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். வட்ட ஃபிரேம். இடது லென்ஸ் உள்ளேயே கொஞ்சம் சுழன்றிருந்தது. சரிசெய்து வைத்தேன். லென்ஸ் தயாரிக்கும் இடத்தில், கடைசிப் பரிசோதனை மேசையில் பதினோரு வருஷம் பழகிய கை. நேற்றோடு வேலை போய்விட்டது என்று அதற்கு இன்னும் தெரியவில்லை.

ஆட்குறைப்பாம். மேசைக்கு மூவர் வேண்டாம், இருவர் போதும். மதிப்பெண் போட்டதில் நான் கடைசி. தாளையும் இணைத்திருக்கிறார்கள். துல்லியம்: பத்துக்கு ஒன்பது. வேகம்: ஏழு. வருகை: பூஜ்யம்.

போன வருஷம் ஏழு வாரம் விடுப்பில் இருந்தேன். அதற்குத்தான் பூஜ்யம்.

"வாசல் வரைக்கும் வந்ததுக்காவது ஒரு மார்க் போட்டிருக்கலாம்" என்றார் இவர். சிரித்தேன். பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

தாளின் அடியில் இரண்டு கையெழுத்து. ஒன்று மேலாளர். இன்னொன்று அக்கா, எங்கள் மேசையில் எல்லோருக்கும் அக்கா.

மார்ச் 5, புதன்

மாத்திரை போட்டேன். வேறொன்றும் செய்யவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

சங்கம் ஏற்பாடு செய்த வக்கீலைப் பார்த்தேன். சின்னப் பெண். மனச்சோர்வுக்காக எடுத்த விடுப்பைக் காட்டி ஆளைக் கழிக்கச் சட்டத்தில் இடமில்லையாம். ஆனால் அது மனச்சோர்வு என்று நிர்வாகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"விடுப்புப் படிவத்துல என்ன எழுதினீங்க?"

"முதுகு வலி."

பேனாவை மூடி வைத்தார். "ஏங்க?"

ஏன்? அந்த மாதம் ஒரே லென்ஸை நாலு தடவை மெஷினில் வைத்துப் பவர் பார்ப்பேன். பார்த்ததை நம்ப முடியாது. லென்ஸ் தட்டுகள் குவியும். அக்காதான் எங்கள் மேற்பார்வையாளர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். என்னைச் சரக்கு அறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார். எல்லாம் சொன்னேன். மருந்துச் சீட்டைக் காட்டினேன். படித்து, மடித்து, என் பைக்குள்ளேயே வைத்தார்.

"மனசுன்னு எழுதாத. ஒருதரம் எழுதிட்டா ஆயுசுக்கும் அந்தக் கண்ணாலதான் பாப்பாங்க. முதுகுன்னு எழுது. இங்க யாருக்கு முதுகு வலிக்கல?"

டாக்டர் சான்றிதழில் 'ஓய்வு தேவை' என்று மட்டும்தான் இருந்தது. எனவே முதுகு செல்லுபடியானது. எழுதியது என் கைதான்.

மேற்பார்வையாளருக்குத் தெரிந்தால் நிர்வாகத்துக்கே தெரிந்த மாதிரி, என்றார் வக்கீல். "அவங்க வந்து சொல்வாங்களா?"

மார்ச் 20, வியாழன்

நாலாவது தடவைதான் அக்கா போனை எடுத்தார்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேங்க்கா. விசாரணைக்கு வருவீங்களா?"

"எனக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கு."

"முதுகுன்னு எழுதச் சொன்னது நீங்கதானே?"

"உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்."

அதை இப்போதும் நம்புகிறேன். நம்பிக்கொண்டே கோபமாக இருக்கிறேன்.

மார்ச் 21, வெள்ளி

கையெழுத்துப் போடறப்ப என் மூஞ்சி ஞாபகம் வரலியாக்கா? அந்த ஏழு வாரம் நான் எங்க இருந்தேன்னு உங்களுக்குத் தெரியாதா? — போதும். காய் நறுக்க வேண்டும்.

ஏப்ரல் 2, புதன்

"விட்டுத் தள்ளும்மா. உன் கைக்கு வேற வேலை கிடைக்காமலா போயிடும்?" என்றார் இவர்.

"அங்கயும் ஒரு படிவம் இருக்கும்" என்றேன்.

அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். இரண்டு பேருக்கும் டீ போட்டார். சர்க்கரையை மறந்துவிட்டார். நானும் சொல்லவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

விசாரணை. தொழிலாளர் அலுவலகத்தில் சின்ன அறை, இரண்டு மேசை. வகுப்பறை மாதிரி இருந்தது.

"முதுகு வலின்னுதான் எங்களுக்குத் தெரியும். படிவமே இருக்கே" என்றார் மேலாளர். அதிகாரி படிவத்தை என் பக்கம் திருப்பி, உங்கள் எழுத்தா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

அப்போது அக்கா வந்தார். அடையாள அட்டை கழுத்தில் தொங்க, வேலையிலிருந்து நேராக. ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு வந்தாராம்.

"முதுகுன்னு எழுதச் சொன்னதே நான்தான் சார். அவளுக்கு என்னன்னு எனக்குத் தெரியும். மருந்துச் சீட்டையும் பாத்தேன்."

"தெரிஞ்சே ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றார் அதிகாரி.

"ஒம்பது வருஷத்துக்கு முந்தி நானும் அப்படித்தான் எழுதினேன். எனக்கும் முதுகுல ஒண்ணுமில்ல."

மேலாளர் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் அக்காவின் முதுகுக்கு நான் ஒரு தைலம் வாங்கிக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்.

வெளியே மாடிப்படியில் பிடித்தேன். என் முகத்தைப் பார்க்கவில்லை. "தட்டெல்லாம் அப்படியே கெடக்கு, நான் கெளம்பறேன்."

"அக்கா, அந்தத் தைலம்?"

"முட்டிக்குத் தடவினேன். நல்லாத்தான் கேட்டுச்சு."

ஏப்ரல் 29, செவ்வாய்

தீர்ப்புக்கு முன்பே நிர்வாகம் சமாதானத்துக்கு வந்துவிட்டது. மதிப்பெண் தாள் ரத்து, அதே மேசை, திங்கட்கிழமையிலிருந்து. ஒப்பந்தம் ஒரே பக்கம். மூன்றாவது வரி: 'முதுகு வலி காரணமாக எடுத்த விடுப்பு தவறுதலாகக் கணக்கில் கொள்ளப்பட்டது.'

"போட்டா வேலை நிச்சயம். போடலைன்னா தீர்ப்பு எப்படி வேணா வரலாம். நீங்கதான் முடிவு பண்ணணும்" என்றார் வக்கீல்.

இவர் இரண்டு தடவை படித்தார். "ரெண்டு வார்த்தைதானேம்மா?"

ஆமாம், இரண்டே வார்த்தைதான். அதில் கையெழுத்துப் போட்டால், அக்கா அந்த அறையில் சொன்னது பொய் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி.

மே 2, வெள்ளி

நன்றாகத் தூங்கினேன். இவர் இன்னும் எழவில்லை. ஒப்பந்தம் சாப்பாட்டு மேசைமேல், டம்ளருக்கு அடியில்.

எங்கள் மேசையில் பவர் தவறாக எழுதிய சீட்டு வந்தால் கிழித்துப் போட மாட்டோம். தவறு தெரிகிற மாதிரி ஒரே கோடு. அதற்கு மேலே சரியானது. பக்கத்தில், திருத்தியவரின் கையெழுத்து. முதல் வாரமே அக்கா சொல்லிக் கொடுத்தது.

மூன்றாவது வரியை அப்படித்தான் செய்யப் போகிறேன். 'முதுகு வலி'க்கு ஒரே கோடு. மேலே 'மனச்சோர்வு'. பக்கத்தில் என் கையெழுத்து. ஏற்றுக்கொண்டால் திங்கட்கிழமை வேலைக்குப் போவேன். இல்லையென்றால் தீர்ப்பு வரட்டும்.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. எழுந்ததும் கண்ணாடியைத் தேடுவார். எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொல்கிறேன்.